ஓரியின் வேரி: கொல்லிமலையில் மதுவும் விருந்தும்

நாமக்கல் மாவட்டத்தில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் மேசைபோல் விரிந்து கிடக்கும் கொல்லிமலை, ‘நாடு’ என்னும் பெயர் தாங்கிய சிறு பிரிவுகளாக இன்றும் அறியப்படுகிறது. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, திண்ணனூர் நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு, குண்டூர் நாடு, அரியூர் நாடு என்று தொடரும் இப்பெயர்களில் ‘நாடு’ என்பது அரசையோ பெருநிலப்பரப்பையோ குறிப்பதன்று. ஒரு பள்ளத்தாக்கைச் சுற்றியமைந்த சிற்றூர்கள், அவற்றின் வயல்கள், காடு, பொதுக்கோயில் ஆகியவை சேர்ந்த தொகுதியையே அது குறிக்கிறது. பிற்காலத்தில் வந்த ஊராட்சிகளும் இப்பழைய பெயர்களையே ஏற்றுக்கொண்டன. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தே மேலேற வேண்டியிருப்பதால், சமவெளியின் பொருள்களும் சட்டங்களும் இம்மலைக்கு எப்போதும் சற்றுத் தாமதமாகவே வந்து சேர்ந்தன என்பதை இதன் வரலாற்றைப் படிப்பவர் நினைவிற்கொள்ள வேண்டும்.

மது விளையும் இடத்திற்கே சென்று, விளைவித்தவர் தம் கையால் ஊற்றித் தர, நண்பர்கள் குழுவாக அமர்ந்து அதைச் சுவைப்பது இன்று தென்னாப்பிரிக்காவின் திராட்சைத் தோட்டங்களோடு சேர்த்து அறியப்படும் வழக்கம். கேப் டவுனுக்கு அருகிலுள்ள ஸ்டெல்லன்போஷ் நகரைச் சூழ்ந்த தோட்டக்காரர்கள் 1971ஆம் ஆண்டில் ‘ஒயின் வழி’ என்ற ஒன்றை வகுத்து, பயணிகள் ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குச் சென்று சுவைத்துப் பார்க்க வழிசெய்தார்கள். மண்ணும் மழையும் காற்றும் கனியின் வழியாக மதுவுக்குள் இறங்குகின்றன என்பதும், ஆதலால் அதை அந்த மண்ணிலேயே வைத்துச் சுவைப்பதே முறை என்பதும் அவ்வழக்கத்தின் அடிப்படை. இவ்வெண்ணம் தமிழுக்குப் புதியதன்று. மலைக்குரியவன் தன் மலையில் விளைந்த மதுவைத் தன் மலையிலேயே விருந்தினர்க்கு வழங்கியதைக் கூறும் பழைய சான்றுகளுள் ஒன்று கொல்லிமலையைப் பற்றியதாகவே அமைந்திருக்கிறது.

அச்சான்று புறநானூற்றின் 152ஆம் பாடல். பாடியவர் வன்பரணர், பாடப்பட்டவன் கொல்லியை ஆண்ட வல்வில் ஓரி. ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்து உயிர்களை அடுத்தடுத்துத் துளைத்துச் சென்ற வேட்டையைக் கூறுவதாலேயே அப்பாடல் பெரிதும் நினைக்கப்படுகிறது. ஓரியின் வில்லைப் பேசுவோர் அனைவரும் அதோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் பாடலின் பிற்பகுதியே ஒரு நாட்டின் வாழ்வைக் காட்டுகிறது. காட்டு வழியில் எதிர்ப்பட்ட அந்த வேட்டுவன் யாரென்று உறுதியாக அறியாத பாணர் கூட்டம், விறலியரோடு (அதாவது ஆடியும் பாடியும் உடன் வரும் பெண்களோடு) தம் இசைக்கருவிகளை முழக்கிப் பாடுகிறது. பாட்டில் தன் பெயர் வந்ததும் அவன் நாணுகிறான். பின்னர்த் தான் அப்போது வேட்டையாடிய மானின் கொழுத்த இறைச்சியை வேகவைத்து, அதனோடு பசுநெய்யை உருக்கினாற்போன்ற வேரியையும் கொடுத்து, தன் மலையில் பிறந்த பொன்னையும் மணிகளையும் வழங்கி அனுப்புகிறான். ‘வேரி’ என்பது கள்ளுக்கும் தேனுக்கும் மணத்திற்கும் பொதுவாக வழங்கிய பழஞ்சொல். உருக்கிய நெய்யோடு ஒப்பிடப்படுவதால், அது கலங்கல் நீங்கித் தெளிந்த, பொன்னிறமும் சற்றே கனமும் கொண்ட பானமாக இருந்திருக்க வேண்டும் என்று கொள்ளலாம். அரண்மனையோ, பொற்கிண்ணமோ, பரிமாறும் ஏவலரோ இவ்விருந்தில் இல்லை என்பதும், இறைச்சி, மது, பொன் ஆகிய மூன்றும் அதே மலையில் கிடைத்தவை என்பதும் இங்குக் கருதத்தக்கன. மலையின் தலைவன் என்பதற்கு அடையாளம், அம்மலையின் விளைவைக் கேளாமலே கொடுக்கக்கூடியவன் என்பதே.

மலைநாட்டு மது எப்படிச் செய்யப்பட்டது என்பதைச் சங்க நூல்கள் சொற்களாலேயே உணர்த்துகின்றன. ‘தேறல்’ என்பது தேறியது, அதாவது கசடு அடியில் தங்க மேலே தெளிந்து நிற்பது. ‘அரியல்’ என்பது நாரால் அரித்து வடிக்கப்பட்டது. ‘பிழி’ என்பது பிழிந்தெடுக்கப்பட்டது. ‘தோப்பி’ என்பது பெரும்பாலும் வீட்டில் தானியத்தால் ஆக்கப்பட்டது. ‘நறவு’ என்பது மணம் என்னும் பொருளைத் தன்னுள் கொண்டது. ஒரு பானத்தின் ஒவ்வொரு நிலைக்கும் தனிப்பெயர் வைத்த மக்கள் அதைக் கவனித்துச் செய்தவர்களாகவும் கவனித்துச் சுவைத்தவர்களாகவும்தான் இருக்க முடியும். பெரும்பாணாற்றுப்படை, அரிசிக் களியைத் துழாவிக் காய்ச்சி, வாயகன்ற தட்டில் ஆற்றி, முளைகட்டிய தானியத்தின் மாவைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்தெடுக்கும் முறையை ஏறக்குறைய ஒரு செய்முறைக் குறிப்பாகவே தருகிறது. முளைத்த தானியம் மாவுப்பொருளைச் சர்க்கரையாக்க, அச்சர்க்கரையை நுரைமம் (கண்ணுக்குத் தெரியாத நொதிக்கும் நுண்ணுயிர்) மதுவாக்குகிறது என்பது பின்னாளில் வந்த விளக்கம். செய்கை அதற்கு முன்பே செம்மைப்பட்டிருந்தது.

அது வயல்நிலத்தின் முறை. பனையும் தென்னையும் செழிக்கும் சமவெளியில் கள் மரத்திலிருந்தே இறங்கும். ஆயிரம் மீட்டர் உயரத்தில் வாழ்ந்தவர்கள் தேனையும் கனியையும் தினையையும் மூங்கிலையுமே நம்ப வேண்டியிருந்தது. திருமுருகாற்றுப்படையும் மலைபடுகடாமும் மூங்கிற் குழாயில் நெடுநாள் இருந்து முதிர்ந்த தேன்மதுவைக் குறவர் குடிப்பதைக் கூறுகின்றன. இவற்றினும் விரிவானது அகநானூற்றின் 348ஆம் பாடல். வீட்டு முற்றத்து மாமரத்தில் கோடையில் பழுத்த கனியின் சாற்றோடு பலாச்சுளையைப் பிசைந்து, தேனிறாலையும் கலந்து, நீண்ட கணுக்களையுடைய மூங்கிலுக்குள் ஊற்றி முதிரவிட்டதாகவும், அவ்வாறு விளைந்த மது பாம்பு தீண்டியதுபோல் கடுப்பேறியிருந்ததாகவும் அது விவரிக்கிறது. முதற்பங்கை மலைக்கடவுளுக்குப் படைத்தபின், தழையுடை உடுத்த மகளிர் ஊற்றிக் கொடுக்கக் குறவர் குடிக்கின்றனர். குடித்த மகிழ்ச்சியில் தினைப்புனத்தைக் காக்க மறக்கின்றனர். யானை புகுந்து கதிரைத் தின்றுவிட்டதை அறிந்ததும் இளையவரும் முதியவரும் சுற்றத்தோடு திரண்டு வில்லெடுத்துத் தேடித் திரிகின்றனர். மதுவின் இன்பத்தையும் அதனால் நேரும் இழப்பையும் ஒரே மூச்சில் சொல்லிவிடும் நேர்மை இப்பாடலுக்கு உண்டு.

இக்கலவை புலவரின் கற்பனையாக இருக்க முடியாது என்பதற்கு அதன் பொருத்தமே சான்றாகும். தேனில் நீர் மிகக் குறைவாதலால் அது தானாக நொதிப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும். கனிச்சாறு சேர்ந்து அதன் செறிவு தளர்ந்தவுடன்தான் நொதித்தல் தொடங்கும். மாவும் பலாவும் அச்சாற்றைத் தருவதோடு தம் தோலிலும் சுளையிலும் ஒட்டியிருக்கும் இயற்கை நுரைமத்தையும் உடன் கொண்டுவருகின்றன. மூங்கிலின் கணுவிடை, இரு புறமும் இயற்கையாகவே மூடப்பட்ட குழாய். காற்று அதிகம் புகாத அந்த இருட்டில் பானம் மெல்ல முதிரும். ஐரோப்பியத் திராட்சைத் தோட்டத்தில் ஓக் மரப் பீப்பாய் செய்யும் வேலையை இங்கு மலை மூங்கில் செய்திருக்கிறது எனலாம். இப்பாடல் கொல்லியைப் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. ஆயினும் அதே தொகையின் 209ஆம் பாடலில், காரி என்பவன் ஓரியைக் கொன்று சேரர்க்குக் கொடுத்த கொல்லி, சிவந்த வேர்களையுடைய பலா நிறைந்த வளமான மலை என்றே அடையாளம் காட்டப்படுகிறது. பலாவும் தேனும் மூங்கிலும் ஒருங்கே மலிந்த மலையில் ஓரி ஊற்றிக் கொடுத்த வேரியும் இவ்வகையைச் சார்ந்ததாக இருந்திருக்கும் என்று கருதுவது பொருந்தும்.

ஓரியின் முடிவு அக்காலக் குறுநில அரசியலின் கொடிய சங்கிலி ஒன்றின் முதற்கண்ணி. முள்ளூர் மலையையும் கோவலூரையும் உடைய மலையமான் திருமுடிக்காரி அவனைக் கொன்று கொல்லியைச் சேரர்க்கு அளித்தான். தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி காரியின் கோவலூரைத் தாக்கினான். பின்னர்ப் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரையே அழித்தான். இச்சங்கிலியில் சிக்கிய ஓரி, காரி, அஞ்சி ஆகிய மூன்று மலைத்தலைவர்களும் கடையெழு வள்ளல்களின் வரிசையில் ஒன்றாகவே எண்ணப்படுவதும், மூவரைப் பற்றியும் மதுவோடு தொடர்புடைய பாடல் ஒவ்வொன்று எஞ்சியிருப்பதும் தமிழ் வரலாற்றின் உருக்கமான செய்திகள். காரியைப் பாடிய கபிலர், காலையிலேயே கள்ளுண்டு களித்திருக்கும்போது தேரைத் தூக்கிக் கொடுப்பது எவர்க்கும் எளிது, மலையனோ மது மயக்கம் இல்லாமலே தேர் கொடுப்பவன் என்றார். குடியின் மகிழ்ச்சியில் பிறக்கும் ஈகையையும் தெளிந்த மனத்தில் பிறக்கும் ஈகையையும் இவ்வளவு கூர்மையாகப் பிரித்துப் பார்த்த சொல் வேறெங்கும் கிடைப்பது அரிது. அதியமான் இறந்தபோது ஔவையார் முதலில் நினைத்ததே கள்ளைப் பற்றித்தான்: குறைவாகக் கிடைத்தால் அதைத் தமக்கே தந்துவிடுவான் என்றும், மிகுதியாகக் கிடைத்தால் தாம் பாடக் கேட்டுக்கொண்டே தானும் மகிழ்ந்து உண்பான் என்றும் அவர் அழுதார். இருக்கும் அளவைப் பொறுத்து எவர் முதலில் குடிப்பது என்ற முறை மாறும் இந்தப் பண்பு, நட்பின் இலக்கணமாகவே நிற்கிறது. அவனுக்கு நட்ட நடுகல்லின்முன் நாரால் அரித்த கள்ளைச் சிறு கலத்தில் ஊற்றிப் படைத்ததும் ஔவையின் மற்றொரு பாடலில் பதிவாகியுள்ளது.

மலைத்தேறல் இவ்வாறு கையிலிருந்து கைக்குச் சென்ற காலத்திலேயே, கடல் கடந்து வந்த திராட்சை மதுவும் தமிழகத்தை அடைந்திருந்தது. யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் பொற்கிண்ணத்தில் மகளிர் ஏந்தித் தர உண்டு மகிழுமாறு பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்தியிருக்கிறார். ‘ஆம்போரா’ எனப்படும் இரு கைப்பிடியும் கூர்ந்த அடியும் உள்ள மதுச்சாடிகளின் உடைந்த ஓடுகள், 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டிலும், பின்னர் அழகன்குளத்திலும், கேரளத்தின் பட்டணத்திலும் கிடைத்து அவ்வாழ்த்துக்கு மண்ணிலிருந்தே உரை எழுதின. ஓரியின் வேரிக்கும் நன்மாறனின் தேறலுக்கும் உள்ள வேறுபாடு பெரியது. ஒன்று விளைந்த இடத்தில் விளைவித்தவரால் தரப்பட்டது. மற்றொன்று விலை கொடுத்து வாங்கப்பட்டு, வாங்கியவனின் செல்வத்தைக் காட்டுவதற்காகப் பொன்னில் ஊற்றப்பட்டது. தமிழகத்தின் பிற்கால மது வரலாறு முழுவதும் முதல்வகை சுருங்கி இரண்டாம்வகை பெருகிய வரலாறாகும்.

ஓரியின் குடிகளையும் இன்று திண்ணனூர் நாட்டிலும் பிற நாடுகளிலும் வாழும் மலையாளிப் பழங்குடியினரையும் ஒன்றென்று கொள்வதற்கு இடமில்லை. ‘மலையாளி’ என்பது இங்கு மலையை ஆள்பவர் என்னும் பொருளில் வழங்குகிறது, கேரளத்தோடு தொடர்புடையதன்று. காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட அண்ணன் தம்பியர் மூவர் சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை முதலிய மலைகளுக்குப் பிரிந்து சென்று குடியேறினர் என்பது அவர்களுடைய மரபுக்கதை. ஆயினும் மலை ஒன்றே. அதன் பலாவும் தேனும் சாமையும் தினையும் கேழ்வரகும் புதிதாக வந்தவர்க்கும் பழையவர்க்குப் போலவே பயன்பட்டன.

இம்மலைவாழ்வின்மீது சமவெளி அரசின் கை அழுத்தமாக விழுந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காடுகளை அரசின் ஒதுக்குக்காடுகளாக வரையறுத்து, மூங்கில் வெட்டுவதையும் தேன் எடுப்பதையும் அனுமதிக்கு உட்பட்ட செயல்களாக மாற்றியது. நான்கே ஆண்டுகள் கழித்து வந்த 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம், உரிமம் இன்றி மது செய்வதையும் விற்பதையும் குற்றமாக்கியது. ‘ஆப்காரி’ என்பது பாரசீகத்திலிருந்து வந்த சொல். மது உற்பத்தியின் மீதான அரசு வரியையும் அதற்கான துறையையும் அது குறித்தது. தேனும் மூங்கிலும் ஒரு சட்டத்தின் கீழும், அவற்றால் ஆக்கப்படும் பானம் மற்றொரு சட்டத்தின் கீழும் வந்தபின், வீட்டு முற்றத்தில் கனியைப் பிசைந்து விருந்தினர்க்கு ஊற்றித் தருவதற்கு என்ன இடம் இருந்திருக்க முடியும்? அரசு மதுவை வெறுத்ததால் இது நிகழவில்லை. ஏலம் எடுத்த குத்தகைதாரரின் சாராயக் கடையும் கள்ளுக்கடையும் சென்னை மாகாணக் கருவூலத்தின் பெரும் ஊற்றுகளுள் ஒன்றாக வளர்ந்ததே இதற்குச் சான்று. தடுக்கப்பட்டது வரி தராத மதுவே.

அக்கடைகள் ஏழைக் குடும்பங்களில் விளைவித்த துன்பத்தைக் கண்டு எழுந்த இயக்கமும் இதே வட்டாரத்தில்தான் வேரூன்றியது. 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கிய இராஜாஜி, மதுவிலக்குக்கென்றே ‘விமோசனம்’ என்னும் இதழை 1929இல் நடத்தினார். கல்கி அதில் அவருக்குத் துணை நின்றார். 1937இல் சென்னை மாகாணத்தின் பிரதமரானதும் (அக்காலத்தில் மாகாண முதலமைச்சருக்கு வழங்கிய பெயர் அதுவே) அவர் மதுவிலக்கை அக்டோபர் 1 அன்று முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில் நடைமுறைப்படுத்தினார். கொல்லிமலை அப்போது சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. நாமக்கல் தனி மாவட்டமானது அறுபது ஆண்டுகளுக்குப் பிறகுதான். ஆகவே, மலைத்தலைவன் ஒருவன் மது ஊற்றிக் கொடுத்ததைப் பற்றிய பழம்பாட்டு பிறந்த மலையே, மது முழுவதும் விலக்கப்பட்ட முதல் மாவட்டத்திற்குள்ளும் அமைந்தது. இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் கொண்டுவரப்பட்ட பொது விற்பனை வரி பின்னர் நாடு முழுவதும் பரவி, மதுவிலக்கைக் காட்டிலும் நீண்ட ஆயுள் பெற்றது. இராஜாஜியின் நோக்கத்தில் ஐயம் கொள்ள எதுவுமில்லை; கூலியைக் கடையில் இழந்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பிய ஆண்களையும் பசித்திருந்த பிள்ளைகளையும் பார்த்தே அவர் அம்முடிவுக்கு வந்தார்.

கூலிக்கும் மதுவுக்கும் இடையே விழும் இம்முடிச்சைத் தென்னாப்பிரிக்காவின் வரலாறு இன்னும் கடுமையாகக் காட்டுகிறது. கேப் பகுதியில் முதல் திராட்சை மது 1659ஆம் ஆண்டு பிப்ரவரி 2 அன்று பிழியப்பட்டதாக டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கேப் குடியேற்றத் தலைவர் யான் வான் ரீபீக் தம் நாட்குறிப்பில் எழுதினார். 1685இல் சைமன் வான் டெர் ஸ்டெல் பெற்ற கான்ஸ்டான்ஷியா தோட்டத்தின் இனிப்பு மது, பின்னாளில் செயின்ட் ஹெலினா தீவில் சிறையிருந்த நெப்போலியன் விரும்பிக் குடிக்கும் அளவுக்குப் புகழ் பெற்றது. அந்த வான் டெர் ஸ்டெலின் தாய்வழிப் பாட்டி மோனிக்கா இந்தியக் கரையைச் சேர்ந்த பெண். தோட்டங்களில் கொடி நட்டு, கனி பறித்து, மிதித்துப் பிழிந்தவர்கள் அடிமைகள். அவர்களுள் மடகாஸ்கர், மொசாம்பிக், இந்தோனேசியத் தீவுகள் ஆகியவற்றிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களோடு வங்காளம், மலபார், சோழமண்டலக் கரை ஆகிய இடங்களிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்களும் இருந்தனர். சோழமண்டலக் கரையில் பழவேற்காடும், 1658க்குப் பின் நாகப்பட்டினமும் டச்சுக்காரர் கைவசம் இருந்த துறைகள். தம் பெயரை இழந்து, பிறந்த கரையின் பெயரையே இரண்டாம் பெயராகச் சுமந்து, கேப் ஆவணங்களில் ‘கோரமண்டல்’ என்று முடியும் பெயர்களாக எஞ்சிவிட்ட அம்மனிதருள் தமிழர் இருந்திருப்பர் என்பதை உணராமல் அத்தோட்டங்களின் மதுவைப் பற்றித் தமிழில் எழுதுவது முறையாகாது.

1834இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தபின்னும் அங்கே தொடர்ந்த ஒரு வழக்கம் ‘டாப்’ முறை. தோட்டத் தொழிலாளர்க்குக் கூலியின் ஒரு பகுதியாக, நாள்தோறும் பலமுறை, மலிந்த மதுவை அளந்து கொடுப்பதே அது. இருபதாம் நூற்றாண்டில் சட்டம் அதைத் தடுத்தபோதும் பல தோட்டங்களில் அது நெடுங்காலம் நீடித்து, குடிக்கு அடிமையான தலைமுறைகளையும், தாயின் குடியால் கருவிலேயே பாதிக்கப்பட்ட குழந்தைகளையும் விட்டுச் சென்றது. ஓரியும் தன் மலையில் விளைந்ததைத்தான் ஊற்றிக் கொடுத்தான். டாப் தந்த தோட்டக்காரரும் தம் தோட்டத்தில் விளைந்ததைத்தான் ஊற்றிக் கொடுத்தார். பெறுபவன் மறுக்கவும் எழுந்து போகவும் உரிமை உடையவனா என்பதில்தான் விருந்தும் கொடுமையும் பிரிகின்றன. புறநானூற்றில் ஓரியைப் பற்றிய அடுத்த பாடலில், அவன் கொடையால் பசி நீங்கிய பாணர்கள் ஆடவும் மாட்டாமல் பாடவும் மறந்து இருந்துவிட்டதாக வன்பரணர் கூறுவதை இவ்விடத்தில் நினைத்தால் அதன் பொருள் ஆழமாகும்: கொடுத்ததற்கு ஈடாக அவர்களிடமிருந்து ஒரு பாட்டும் எதிர்பார்க்கப்படவில்லை.

ஸ்டெல்லன்போஷில் ஒயின் வழி திறந்த அதே 1971ஆம் ஆண்டில்தான் தமிழ்நாட்டில் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. மீண்டும் விலக்கு, மீண்டும் தளர்வு என்று மாறி, 1983இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் உருவாகி, 1987இன் தொடக்கத்தில் கள் இறக்குவதும் தடுக்கப்பட்டு, 2003இல் சில்லறை விற்பனை முழுவதும் அக்கழகத்தின் கைக்கு வந்தது. ஆலையில் செய்து புட்டியில் அடைத்த மதுவை வாங்கலாம். மரத்திலிருந்து இறங்குவதையோ கனியிலிருந்து முதிர்வதையோ செய்யலாகாது என்ற நிலை இவ்வாறு உறுதிப்பட்டது. விளைந்த இடம், விளைவித்தவர், பருவம் ஆகிய எதனோடும் தொடர்பற்ற பானமே சட்டத்திற்கு உட்பட்ட பானமாயிற்று. கம்பம் பள்ளத்தாக்கில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவரால் அறிமுகமானதாகக் கூறப்படும் பன்னீர்த் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றுள்ளதும், அங்கே அதிலிருந்து மது செய்யப்படுவதும் இந்நிலைக்குச் சிறு விலக்குகள்.

கொல்லிமலையிலோ வேறு வகை மாற்றம் நிகழ்ந்தது. சேலத்துச் சவ்வரிசி ஆலைகளுக்கான மரவள்ளி, சாமையும் தினையும் விளைந்த நிலங்களில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது. மேட்டுப்பாங்கான இடங்களில் சவுக்கு மரம்போல் உயர்ந்த சில்வர் ஓக் நிழலில் காப்பியும், அம்மரங்களையே பற்றிப் படரும் மிளகும் வந்தன. இன்று மலையேறும் பயணிகள் தோட்டக்காரரின் கையால் சுவைத்துப் பார்க்கக் கிடைப்பவை தேன், பலாச்சுளை, மலைவாழை, அன்னாசி, காப்பி ஆகியவையே. ஆடி மாதத்தில் செம்மேட்டில் அரசு நடத்தும் வல்வில் ஓரி விழாவில் வில்வித்தைப் போட்டியும் மலைமக்களின் ஆடலும் இடம்பெறுகின்றன. ஓரியின் அம்பு அவ்விதம் ஆண்டுதோறும் நினைக்கப்படுகிறது. ‘வேரி’ என்னும் சொல்லோ அகராதிகளில் தங்கிவிட்டது. அதற்குக் கனி தந்திருக்கக்கூடிய பலா மட்டும் திண்ணனூர் நாட்டின் வீட்டோரங்களிலும் காப்பித் தோட்டங்களின் நடுவிலும் வேர் முதல் கிளை வரை காய்த்து நிற்கிறது. பருவத்தில் அப்பழம் வண்டியேறி, எழுபது வளைவுகளும் இறங்கிச் சமவெளிச் சந்தைக்குப் போகிறது.